பன்றிக்கு வைத்த கடைசிச் சாப்பாடு

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். அத்தோக் மலையிலிருந்து அத்தனை வளைவுகளில் குலுங்கிக்கொண்டு வருகிறவளிடம் இப்படிச் சொல்ல நகரத்துக்காரர்களால்தான் முடியும். ஜீப்னி வண்டியை விட்டு இறங்கியதும் சபினா எதிரே இருந்த கடையில் உப்புப் பன்றிக்கறி சூப் ஒரு கிண்ணம் குடித்தாள். மேலே மிதந்த கொழுப்பையும் விடவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குப் போய், ஒன்றும் தெரியாதவள் போலப் படுத்துக்கொண்டாள்.

ஸ்கேன் எடுக்கும் பெண் மரிவிக், வயிற்றில் கருவியை இரண்டு தடவை ஓட்டிவிட்டு நிறுத்தினாள்.

"ஆன்ட்டி, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல."

"பொய். கறி சூப் குடிச்சிருக்கீங்க."

"வாசனை வருதா?"

"வாசனை எதுக்கு? உங்க பித்தப்பையே காட்டிக் கொடுக்குதே. பிழிஞ்ச துணியாட்டம் சுருங்கிக் கிடக்கு. இதுல நான் கல்லை எங்க தேடறது?"

சபினா தலையைத் தூக்கினாள். "சாப்பிட்டா அது சுருங்குமா?"

"கொழுப்பு சாப்பிட்டா சுருங்கும். கல்லீரல் ராப்பகலா பித்தம் சுரந்துக்கிட்டே இருக்கு. நாம பட்டினியா இருக்கிறப்ப பை அதை வாங்கிச் சேர்த்து வைக்கும். கொழுப்பு குடலுக்கு வந்துச்சுன்னா, பை தன்னைத்தானே பிழிஞ்சு எல்லாத்தையும் ஊத்திடும். அதே நேரத்துல கணையமும் தன் சாறை விடும். ரெண்டும் போறது ஒரே வாசல். பித்தம் கொழுப்பைப் பொடிசா உடைக்கும், கணையச் சாறு அதைச் செரிக்க வைக்கும். உங்க கல்லு அந்த வாசல்ல போய் அடைச்சா கணையமும் வெந்துபோகும். அதனாலதான் பார்க்கணும்ங்கிறோம். நாளைக்கு ஒழுங்கா பட்டினியா வாங்க."

சபினா எழுந்திருக்கவில்லை.

"பன்னிக்கும் இப்படித்தானா?"

"பன்னிக்கு யாரு ஆன்ட்டி ஸ்கேன் எடுக்கறாங்க?" என்று மரிவிக் சிரித்தாள். "ஆனா அப்படித்தான்."

எங்கள் மலையில் பன்றிக்கு ஸ்கேன் எடுப்பதில்லை, திறந்தே பார்த்துவிடுகிறோம். கல்யாணம் பேசி முடித்தால் மாப்பிள்ளை வீட்டுப் பன்றியைப் பெண் வீட்டு முற்றத்தில் அறுத்து, மம்புனோங் என்கிற எங்கள் பூசாரி குனிந்து கல்லீரலைப் புரட்டிப் பித்தப்பையைப் பார்ப்பார். நிறைந்து, வெளியே தெரிகிற மாதிரி இருந்தால் முன்னோர்களுக்குச் சம்மதம். சுருங்கி ஈரலுக்கு அடியில் ஒளிந்திருந்தால், அந்தப் பெண் போகிற வீட்டில் அடுப்பு அணைந்துவிடும். சபினாவுக்கு அறுத்த பன்றியில் அது ஒளிந்திருந்தது. மம்புனோங் நிமிர்ந்தார். கூட்டம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கலைந்தது.

சகுனம் சரியில்லை என்றால் மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு பன்றி கொண்டுவந்து மறுபடி பார்ப்பதுதான் வழக்கம். மாப்பிள்ளை டெல்ஃபின் கொண்டுவரவில்லை. முட்டைக்கோஸ் பாத்தியில் உட்கார்ந்து அழுதான். "அதுலயும் இப்படியே வந்தா உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?" என்றான். தன்மேல் இருக்கிற ஆசையில்தான் பயப்படுகிறான் என்று சபினா நம்பினாள். அடுத்த வருடமே அவன் நகரத்தில் ஒருத்தியைக் கட்டினான். சபினாவைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. அடுப்பு அணையும் என்று தெரிந்தே யார் பெண் கேட்பார்கள்? அவன் மூத்த மகளுக்கு ஞானத்தாயாக நின்று, கவுன் வாங்கிக் கொடுத்தவளும் இவள்தான். இப்படிக்கூட ஒருத்தி இருப்பாளா என்று நாங்களே திட்டியிருக்கிறோம்.

அவள் அவனை வெறுக்காமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அறுக்கிற பன்றிக்கு முந்தின மாலையிலிருந்து தீனி வைக்க மாட்டோம். வைத்தால் குடல் கழுவுகிற பெண்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் தன் பன்றியை அறுத்த அன்று விடியலில் சபினா தண்ணீர் எடுக்கப் போனபோது, டெல்ஃபின் பட்டியில் குந்தியிருந்தான். தீனித் தொட்டி எண்ணெயாய் மின்னியது. "பாவம், சாகப்போற ஜீவன். பசியோட போக வேண்டாம்" என்றான். ஒரு பன்றிக்கு இரங்குகிறவன் தனக்குப் புருஷனாக வரப்போகிறான் என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே பூரித்துப்போனாள். கல்யாணம் நின்ற பிறகும் அந்த ஒரு காலையை மட்டும் அவள் பத்திரமாக வைத்திருந்தாள். வேறென்ன இருந்தது அவளுக்கு?

ஸ்கேன் அறையிலிருந்து நேராகச் சந்தைக்குப் போனாள். டெல்ஃபின் தன் கறிக்கடையில் விலா எலும்பு வெட்டிக்கொண்டிருந்தான். தொப்பை போட்டிருந்தது.

"அடடே, சபினா. மலை இறங்கி வந்துடுச்சே. ஈரல் எடுத்துக்கோ, காசெல்லாம் வேண்டாம்."

"பன்னிக்கு என்ன வச்ச டெல்ஃபின்?"

"எந்தப் பன்னிக்கு?"

"எனக்குன்னு ஒரு பன்னிதான் அறுத்தாங்க."

அவன் கத்தியை வைத்தான். மறுக்கக்கூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"வறுத்த கொழுப்பு" என்றான். "அறுப்புக் கொட்டகையில வேலை பார்த்தேன்ல? தீனி தின்ன பன்னிக்குப் பை சூம்பியிருக்கும். தினமும் பார்க்கிறதுதான்."

"பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? நான் சொன்னா வலிக்கும். முன்னோர் சொன்னா உனக்கும் ஒரு ஆறுதலா இருக்கும்னு நெனச்சேன்."

"நீ சொல்லியிருந்தா ஒரு அறுவடை வரைக்கும் அழுதிருப்பேன். அடுத்த அறுவடைக்கு வேற எவனையாவது கட்டியிருப்பேன். நீ வரல, சரி. வர இருந்தவனையும் வரவிடாம பண்ணிட்டியே."

"அப்படி ஆகும்னு நான் நினைக்கல சபினா."

"நான் உன்னைப் பத்தி நல்லவிதமா நினைச்சது அந்தப் பன்னியை வச்சுத்தான்" என்றாள். அவன் ஈரலைப் பொட்டலம் கட்டி நீட்டினான். அதைப் பலகையிலேயே விட்டுவிட்டு நடந்தாள்.

அன்று இரவு தங்கை மகள் வீட்டில் தங்கினாள். என்ன வற்புறுத்தியும் சாப்பிடவில்லை. ஸ்கேனுக்காக என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

காலையில் மரிவிக் கருவியை வைத்ததும் சந்தோஷப்பட்டாள். "இது பேச்சு. எவ்வளவு அழகா நிறைஞ்சு, ஈரலுக்கு வெளியே எட்டிப் பார்க்குது பாருங்க. ஆனா கல்லும் இருக்கு ஆன்ட்டி. பையோட எடுக்கணும்னு டாக்டர் சொல்வாங்க."

சபினா திரையைத் தன் பக்கம் திருப்பச் சொன்னாள். அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

"வலிக்குதா?"

"இல்ல. எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படம் போட்டுக் கொடும்மா. எங்க ஊர்ல ஒரு வீடு விடாம காட்டணும்."