லாண்டரியின் புது நோட்டு

மேனேஜர் என் பையைக் கொட்டியதை நான் மறக்கவில்லை. மறக்க நினைத்ததும் இல்லை.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு லாண்டரியில் துணிக்குக் குறி போடுவது என் வேலை. ஐந்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் பேச்சு வராது. ஆனால் காலரில் சேராங்கொட்டை மையில் இட்ட குறியைப் பார்த்தாலே யார் துணி என்று சொல்லிவிடுவேன். அவருக்குக் கஞ்சி வேண்டுமா, நீலம் போடலாமா என்பதெல்லாம் குறிக்கு நேராக நோட்டில் இருக்கும்.

அறுபதுகளின் கடைசியில் முதலாளி குரோம்பேட்டையில் இன்னொரு லாண்டரியை வாங்கினார். அவர்கள் துணியும் நோட்டும் எங்களிடம் வந்தன. வம்பு என்னவென்றால் அங்கேயும் அதே கூட்டல், அதே வட்டம், அதே புள்ளிகள். எங்கள் இரண்டு புள்ளி காலேஜ் வாத்தியார். அவர்கள் இரண்டு புள்ளி தோல் மண்டி குமாஸ்தா.

இரண்டு நோட்டையும் ஒன்றாக்கும் பொறுப்பு மேனேஜருக்கு. அவர் முதலாளியின் மச்சான்.

“சார், இந்த மை போவாது. பழைய குறியெல்லாம் அப்படியே இருக்கட்டும். குரோம்பேட்டை குறிக்கு மட்டும் கீழ ஒரு கோடு சேத்துக்கலாம்” என்றேன். அதைச் சொல்லவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

“அஞ்சாங்கிளாஸு பொம்பள எனக்குப் பாடம் எடுக்குது பாரு!” என்றார். இஸ்திரி போடுகிறவர்களும் சிரித்தார்கள். ஒரே குறிக்கு இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பெயரை விட்டுவிட்டுப் புது நோட்டு எழுதினார். பழைய நோட்டுகளைக் கிழித்துப் பொட்டலம் கட்டக் கொடுத்தார்.

அதற்குள் குரோம்பேட்டை நோட்டும் எனக்கு மனப்பாடம். மூட்டை எந்தக் கடையிலிருந்து வந்தது என்று பார்த்து, சத்தமில்லாமல் சரியாகவே பிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பட்டுக்கரை வேட்டி ஒன்று காணவில்லை. எல்லோரும் பார்க்க மேனேஜர் என் பையைக் கொட்டினார். சாப்பாட்டு டப்பாவையும் திறந்தார். மறுநாள் வேட்டி அவர் மேஜைக்கு அடியிலேயே கிடைத்தது. “சரி சரி, போய் வேலையப் பாரு” என்றார்.

பார்த்தேன். அன்றிலிருந்து அவர் நோட்டில் என்ன இருந்ததோ அதை மட்டும் செய்தேன்.

ஒரே வாரம். காலேஜ் வாத்தியாரின் சட்டைகள் குரோம்பேட்டைக்குப் போயின. இன்னொருவர் பனியனைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். “இன்னாய்யா இது, அப்பளம் மாதிரி கீது! பனியனுக்கு எவனாவது கஞ்சி போடுவானா?” எனக்குச் சிரிப்பு வந்தது. குனிந்துகொண்டேன்.

சத்தம் கேட்டு முதலாளியும் வந்தார். மேனேஜர் அவரிடம் என்னைக் கைகாட்டினார். “எல்லாம் இந்தம்மாதான். குறி பாக்கத் தெரியல. நிறுத்திடலாம் மச்சான்.”

முதலாளி என்னைப் பார்த்தார். “ஏம்மா, உனக்குத் தெரியாதா?”

வேலை போய்விடும் என்ற பயம்தான். இருந்தாலும் சொன்னேன். “தெரியும் முதலாளி. நோட்டுல இருக்கறபடி செஞ்சேன். நோட்டு சார் எழுதினது.”

முதலாளி நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பனியன்காரர் பெயரே அதில் இல்லை. “பழசு ரெண்டும் ஞாபகம் இருக்கா?”

“ஒண்ணு விடாம இருக்கு. நான் சொல்றேன். சாரே எழுதட்டும், அவர் கையால.”

மேனேஜர் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். ஒவ்வொரு குறியையும் திரும்ப வாசிக்கச் சொன்னேன். வட்டம் கோணலாக இருந்தால் அடித்து எழுதவைத்தேன். சிரித்தவர்கள் எல்லோரும் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

மத்தியானம் ஆனதும், “கை வலிக்குதும்மா” என்றார்.

“குரோம்பேட்டை இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே சார்” என்றேன்.