அட்டைக்கு ஒரு முகம்

கடைத்தெருவில் அந்த போட்டோ ஸ்டுடியோக்காரரை 'இன்னொண்ணு' என்றுதான் சொல்வார்கள். எந்த முகத்தை எடுத்தாலும், "எதுக்கும் இன்னொண்ணு எடுத்துக்கலாம்" என்பார். எடுத்ததெல்லாம் பாஸ்போர்ட் முகங்கள். காது இரண்டும் தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது. இந்த ஒழுங்கிலேயே தலை நரைத்துவிட்டது.

சமணத் துறவி ஒருவர் ஊருக்கு நடந்தே வந்து சேர்ந்தபோது, சமணர் சங்கச் செயலாளர் ஸ்டுடியோவுக்கு வந்தார். துறவியைப் பற்றிப் புத்தகம் போடுகிறார்களாம். அட்டைக்கு அவர் முகம் வேண்டும்.

"நில்லுங்கன்னு சொல்லக் கூடாது. திரும்புங்கன்னு சொல்லக் கூடாது. பளிச்சுன்னு லைட் அடிக்கக் கூடாது."

"அவரு சரின்னுட்டாரா?"

"சரின்னும் சொல்ல மாட்டாரு, வேணாம்னும் சொல்ல மாட்டாரு. சரின்னா அவரே எடுக்கச் சொன்ன மாதிரி ஆயிடும்ல."

"நம்ம வீட்டம்மா கட்சி," என்றார் இன்னொண்ணு. செயலாளர் சிரிக்கவில்லை.

தான் எடுத்த ஒரு முகமாவது விண்ணப்பத்தில் ஒட்டப்படாமல் புத்தகத்தின் மேல் இருக்க வேண்டும் என்று இன்னொண்ணுக்கு அன்றே ஆசை பிடித்துக்கொண்டது.

துறவிக்கு உடையும் கிடையாது. மயிற்பீலியும் கமண்டலமும்தான் சொத்து. நாளுக்கு ஒரு வேளை, நின்றபடி, உள்ளங்கையில் வாங்கிச் சாப்பிடுவார். கிளம்பும் முன் மனதுக்குள் ஒரு நிபந்தனை வைத்துக்கொள்வார். இன்னதைக் கண்டால்தான் அந்த வீட்டில் சாப்பாடு. அது என்ன என்று யாருக்கும் சொல்ல மாட்டார். கண்ணில் படாவிட்டால் அன்று பட்டினி.

உணவுக்கு வருகிற அடையாளமாக, வலக்கை விரல்களைக் குவித்துத் தோளில் வைத்தபடி அவர் தெருவில் வந்தார். வாசல்தோறும் ஆட்கள் தோன்றியதையெல்லாம் ஏந்தி நின்றார்கள். செம்பு, பழத்தட்டு, கண்ணாடி. ஒரு வீட்டில் இரட்டைக் குழந்தைகளைக் குளிப்பாட்டி நிறுத்தியிருந்தார்கள். துறவி எங்கும் நிற்காமல் திரும்பிப் போனார். மறுநாளும் அப்படியே.

இன்னொண்ணுக்கு வேறு கஷ்டம். எறும்பை மிதித்துவிடாமலிருக்க, துறவி தரையைப் பார்த்தே நடந்தார். காலமெல்லாம் "தாடைய இறக்குங்க" என்று சொன்ன வாய், "ஏத்துங்க" என்று சொல்லத் துடித்தது.

அதற்கடுத்த நாள் துறவிக்கு முன்னால் போய், பின்புறமாக நடந்தபடி குனிந்து குனிந்து எடுத்தார். ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் படி தடுக்கியது. கேமராவைக் காப்பாற்றப் போய், சுழன்று, இரு கைகளையும் முன்னால் நீட்டிக் குப்புற விழுந்தார்.

துறவி அந்த வாசலில் நின்றுவிட்டார்.

வீடே பரபரத்தது. இன்னொண்ணு எழுந்து முழங்காலைத் தட்டுவதற்குள் துறவியை உள்ளே அழைத்துப்போய்விட்டார்கள். வாசலைக் கூட்டம் அடைத்துக்கொண்டது. படம் போயிற்று.

சாயங்காலம் செயலாளர் வந்தார்.

"நாளைக்கு நம்ம வாசல்ல கொஞ்சம் விழணும்."

"விழணுமா?"

"நாளைக்கு மத்தியானம் கிளம்பிடறாரு. நம்ம வீட்டுல ஒரு வேளைகூடச் சாப்பிடலன்னா மாமியார் என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க."

"நிபந்தனை தெனம் மாறும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மாறும். மாறாமலும் இருக்கலாம்ல."

"நான் விழுந்தா முகத்த யாரு எடுக்கறது?"

"விழுந்துட்டு எடுங்க."

"குப்புற விழுந்தா தரைதாங்க தெரியும்."

அவர் போனதும் மனைவி சொன்னாள்: "விழுந்துட்டுத்தான் வாங்களேன். உங்களுக்கு என்ன புதுசா? ஒரு மனுஷன் சாப்பிட்டா நல்லதுதானே."

மறுநாள் செயலாளர் வாசலில் இன்னொண்ணு கால்களை அகட்டி ஊன்றி நின்றார். செயலாளர் கண்ணால் தரையைக் காட்டினார். மாமியார் கதவுக்குப் பின்னாலிருந்து இருமினார். இன்னொண்ணு அசையவில்லை. துறவி வந்தார். என்ன நினைத்தாரோ, தலையை நிமிர்த்தி நேராகப் பார்த்தார். ஒரு 'க்ளிக்'. இரண்டாவதற்கு விரல் போவதற்குள் கடந்துவிட்டார். தெருக்கோடி வரை எங்கும் நிற்கவில்லை. மத்தியான வெயிலில், வெறும் வயிற்றோடு, ஊரைவிட்டு நடந்து போனார்.

இன்னொண்ணு எடுத்த முகங்களிலேயே அதுதான் முகம். செயலாளர் வெகுநேரம் பார்த்தார்.

"பிரமாதம். ஆனா இது சாப்பிடாம போன அன்னிக்கு மொகம். அட்டையில போட்டா ஊருக்கே அசிங்கம்."

"பசி எங்கேயும் தெரியலையே."

"எங்களுக்குத் தெரியுதே."

பிறகு தன் செல்போனை நீட்டினார். ஜவுளிக்கடைக்காரர் மகள் எடுத்த படம். துறவி நிற்கிறார். அவர் காலடியில் ஒருவர் நெடுஞ்சாண்கிடையாகக் கிடக்கிறார்.

"இதான் அட்டை. என்ன பக்தி பாருங்க."

"அது நான் தடுக்கி விழுந்தது."

"கையில கேமரா இருக்கறதால அப்படித் தெரியுது. அத மட்டும் எடுத்துடுங்க."

இன்னொண்ணு அந்தப் படத்தைத் தனக்கு அனுப்பச் சொன்னார். துறவி கிளம்பிய அன்று சாப்பிடும்போது மனைவி, "விழுந்திருந்தா சாப்பிட்டிருப்பாரா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாள். பாதித் தட்டோடு எழுந்தவருக்கு, அதன் பிறகு எதிலும் வாக்குவாதம் வரவில்லை.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, கிடந்தவரின் கைகளிலிருந்து கேமராவை அழித்தார். விரல்களைக் கும்பிடுகிற மாதிரி சேர்த்தார். இடக்கை எளிதாக வந்தது. வலக்கை மட்டும், எப்படி இழுத்துவைத்தாலும், எதையோ விடாமல் பிடித்திருந்த மாதிரியே இருந்தது. அதைச் சரிசெய்யத்தான் நேரம் ஆயிற்று.