வெளிச்சம் மறுபக்கத்தில் இருந்தது

யுத்தம் முடிந்து மூன்றோ நான்கோ வருடங்கள் ஆகியிருந்த ஓர் ஐப்பசி மாதம். புத்தளத்திலிருந்து எலுவன்குளம் போகும், சரளைக்கல் பரப்பிய கிறவல் வீதியில், காலை ஒன்பது மணியளவில் இது நடந்தது.

நாற்பத்தைந்து வயதில் சிலருக்குப் பக்தி வரும், சிலருக்குச் சீனி வருத்தம் வரும். எனக்குக் கமெரா வந்தது. பச்சோந்தியைப் பற்றி நான்கு புத்தகங்கள் வாசித்திருந்தேன். கண்கள் இரண்டும் தனித்தனியே சுழலும், நாக்கு உடம்பைவிட நீளம், நிறம் மாறுவது ஒளிவதற்காக என்பதைவிடப் பயத்தாலும் கோபத்தாலும்தான் என்றெல்லாம் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லித் திரிந்தேன். நேரில் ஒன்றைக்கூடக் கண்டதில்லை.

கண்டவர், நான் வாடகைக்குப் பிடித்த ஓட்டோவின் சாரதி. என்னைவிடப் பத்து வயது மூத்த முஸ்லிம் மனிதர். நானா என்றுதான் கூப்பிடுவேன். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர். காடு மூடிவிட்ட தன் வீட்டு வளவைப் பார்க்க இப்போதும் மாதம் ஒருமுறை பஸ் ஏறுகிறவர். ஓடிக்கொண்டிருந்த ஓட்டோவைச் சட்டென்று நிறுத்தி, "அந்தா, மண்ணுல" என்றார்.

வீதியோரப் பற்றை நிழலில் ஒரு பச்சோந்தி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. கிளையைக் கவ்விப் பிடிக்கவென்றே அமைந்த இடுக்கிக் கால்களால் குழி தோண்டுவது அதற்கு லேசான வேலை இல்லை. பாதிதான் தோண்டியிருந்தது.

"வவுத்தப் பாருங்க சேர். முட்டை. அதுக்குத்தான் மரத்தால எறங்கியிருக்கு. இருக்கிற எடத்துலயே எடுங்க."

"இருட்டாக் கிடக்கு நானா. அஞ்சு நிமிசம்."

"குனிஞ்சு எடுத்தா என்ன? உங்கட வவுறு வுடாதா?"

விடாதுதான். ஆனால் அதை ஒப்புக்கொள்வதா? வீதிக்கு மறுபக்கத்தில் இளவெயிலும் மஞ்சளாகப் பூத்த ஓர் ஆவரசும் எனக்காகவே காத்திருப்பதுபோல் இருந்தன. தடியொன்றை நீட்டினேன். அது அவசரமே இல்லாமல் ஏறிக்கொண்டது. மறுபக்கம் கொண்டுபோய் ஆவரசில் விட்டேன்.

உடம்பை ஊதிப் பெருக்கிச் சீறியது. பச்சை கறுத்து, மேலெல்லாம் புள்ளிகள் எழுந்தன. "அடடா, என்ன நிறம்!" என்று கத்தினேன். நான்கு புத்தகம் வாசித்தவன் கத்தியது அது.

ஐந்து நிமிடம் முக்கால் மணித்தியாலம் ஆனது. பிறகு ஓட்டோவின் பின்சீற்றில் சாய்ந்து, கமெராவுக்குள் இருந்த பச்சோந்தியை ரசித்துக்கொண்டிருந்தேன். ஆவரசில் இருந்ததை மறந்துபோனேன்.

செங்கல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. என் கமெராத் தாங்கியின் கால் வீதியில் நீட்டிக்கொண்டிருந்ததால் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன். மரியாதையாக வழிவிட்டேன். சாரதி கை காட்டினான். நானும் காட்டினேன்.

புழுதி அடங்கிய பிறகு நானா இறங்கிப் போனார். நடு வீதியில் பச்சோந்தி கிடந்தது. காற்றில் ஆடும் இலையைப்போல ஆடி ஆடி, ஓர் அடிக்கு ஒரு தரம் நின்று நடப்பது அதன் தற்காப்பு. பருந்து ஏமாறும். அவரைக்கொட்டை அளவில் வெள்ளை முட்டைகள் கிறவலில் நசுங்கியிருந்தன.

"அங்காலயும் மண் இருக்கே நானா, ஏன் திரும்பி வந்தது?" என்றேன். குற்றத்தைக் கொஞ்சமாவது அதன் தலையில் கட்டிவிடலாம் என்ற நப்பாசை.

"தோண்டின எடம் இஞ்சால சேர். வரத்தானே செய்யும்."

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஓர் அட்டைத் துண்டால் எல்லாவற்றையும் வழித்தெடுத்து அந்தப் பாதிக் குழிக்குள் வைத்துக் கையால் மண் தள்ளினார். குழியின் அளவு போதுமாக இருந்தது. காலையில் பாடிக்கொண்டு வந்த ஓட்டோ வானொலியை, புத்தளம் திரும்பும்வரை அவர் போடவில்லை.

அந்தப் படம் எங்கள் விறாந்தையில் தொங்குகிறது. வருகிறவர்கள் "என்ன நிறம்!" என்கிறார்கள். அது பயத்தின் நிறம் என்று நான் யாருக்கும் விளக்குவதில்லை. விளக்கம் சொல்லும் வியாதி அன்றோடு குறைந்துவிட்டது. ஆனால் படத்தைக் கழற்றவும் இல்லை. யாரையாவது அவர்கள் இருக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் நகர்த்திவிட்டால் எல்லாம் நன்றாக அமையும் என்று எனக்குத் தோன்றும் நாட்களில், அதன் முன்னால் போய்ச் சற்று நேரம் நிற்கிறேன்.