கழுத்துப்பட்டைக்குக் கஞ்சி

காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். மடியில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே, முதலாம் எலிசபெத் ராணி காலத்துச் சீமான்கள் கழுத்தைச் சுற்றி அணிந்த மடிப்பு மடிப்பான வெள்ளைத் துணிப்பட்டை. சாப்பாட்டுத் தட்டு அகலம். நாடக உடைக் கடையில் வாடகைக்கு எடுத்தது. செஞ்சியில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் அக்கா மகள் நித்யா, அந்தக் கால ஆங்கிலேயரின் அன்றாட வாழ்க்கையைக் கண்காட்சியாக வைக்கிறாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் தாளாளர் அவள் வேலையை நிரந்தரமாக்குவாராம்.

திண்டிவனத்தில் பஸ் மாறி இருபத்தெட்டு கிலோமீட்டர். பெட்டியை யாரும் இடிக்காமல் காத்தபடியே செஞ்சி வந்து சேர்ந்தேன். இறங்கியதும் மழை. தலை நனையக்கூடாதே என்று பெட்டியைத் தலைமேல் பிடித்துக்கொண்டு ஓடினேன். பாதி வழியில்தான், பிடித்திருப்பது குடை அல்ல என்பது மூளைக்கு எட்டியது.

பெட்டியைத் திறந்த நித்யாவின் முகம் சுருங்கியது. "இன்னா மாமா இது? கரித்துணி கணக்கா தொங்குது! தாளாளர் மதியம் வந்துருவாரு!"

மழையில் தொங்கிப்போவது அந்தக் காலத்திலும் உண்டு. அவர்களும் கஞ்சி போட்டுத்தான் நிமிர்த்தினார்கள் என்றேன். அவள் முறைத்தாள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மெஸ்ஸுக்கு ஓடினேன்.

"வடிகஞ்சி குடிக்கவா, துணிக்கா?" என்றார் மெஸ்காரம்மா.

"கழுத்துக்கு."

"இன்னா வியாதியோ, பாவம்," என்று சொம்பு நிறைய ஊற்றினார்.

முக்கி எடுத்தால், இஸ்திரி போடக் கரண்ட் இல்லை. மழை விட்டு வெயில் மட்டும் அடித்தது. "ஈரத்தப் பசங்க கழுத்துல கட்டுனா சளி புடிக்கும். நீயே கட்டிக்க மாமா, வெயில்ல நில்லு!" மடிப்பு படியாமலிருக்க மடிப்புக்கு ஒரு பேனா சொருகி, மைதானத்தில் ராஜகிரிக் கோட்டையைப் பார்க்க நிறுத்தினாள். காக்கை ஒன்று என்னையே சுற்றியது. எனக்கும் அதற்கும் ஒரே படபடப்பு.

பட்டை விறைத்தது. கடைசிப் பேனாவை உருவும்போது தாளாளரின் கார் நுழைந்தது. 'காலை உணவு: ரொட்டி, பீர்' என்ற அட்டையை நித்யா சட்டென்று திருப்பி வைத்தாள். அவர் நேராக என்னிடம் வந்தார்.

"இத்தக் கட்டிக்கினு குனிஞ்சு வேலை செய்ய முடியாதே?"

"அதுக்குத்தான் சார் கட்டுனாங்க," என்றாள் நித்யா. "வேலை செய்யத் தேவையில்லாத பெரிய மனுஷன்னு ஊருக்குக் காட்ட."

தாளாளர் தனக்கு வந்த டிபன் தட்டிலிருந்து என்னிடம் ஒரு போண்டாவை நீட்டினார். கடித்தேன், உதிர்ந்ததெல்லாம் பட்டைமேலேயே தங்கியது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "திங்கக்கெழமை வந்து ஆர்டர் வாங்கிக்கம்மா."

நித்யா அழுதாள், நானும் அழுதிருப்பேன், குனிந்து கண்ணைத் துடைக்கத்தான் வழியில்லை. கஞ்சியில் நாடா முடிச்சும் இறுகிவிட்டது. வெட்டலாமென்றால் வாடகைச் சரக்கு. கட்டியபடியே சாயங்கால பஸ் ஏறினேன்.

நிற்க இடமில்லாத கூட்டம். என்னைப் பார்த்ததும் ஒரு பெண்மணி எழுந்தார். "கழுத்தெலும்பு வெலகிக்கிச்சு போல. உக்காருண்ணா. யாரும் அவர இடிக்காதீங்கப்பா!"

சீமானைப் போல உட்கார்ந்தேன். நானூறு வருஷத்துக்கு முன் லண்டனில் இதற்குக் கிடைத்த மரியாதை செஞ்சி பஸ்ஸிலும் குறையவில்லை. கோட்டையைக் கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்க்க ஆசைதான். கழுத்து திரும்பவில்லை. திரும்பியிருந்தால் இடம் போயிருக்கும்.