கண்மாய்க் கரையும் என் அரமும்

டூ ஸ்ட்ரோக் வண்டி வேலையில் ஒரு கஷ்டம், நாம் செய்த தப்பை மூடி வைக்க முடியாது. அது ரோட்டில் போய் நின்றுகொண்டு ஊரைக் கூப்பிடும்.

பாதிக் கரை

வண்டியூர்க் கண்மாய்க் கரையில் பாதி ஏறியதும் வண்டி இருமி, உதறி, அடங்கிவிட்டது. பின்னால் இரண்டு பக்கமும் பால் கேன். பால்காரர் பாண்டி அண்ணன் இரண்டு காலையும் ஊன்றி, வண்டி சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்று தள்ளினேன். செருப்பு சறுக்கியது. கேன் மூடி வழியாகப் பால் என் சட்டையில் வழிந்தது. இழுவை கூட்டித் தருகிறேன் என்று சொல்லி அந்த வண்டியை வாங்கி, வேலை பார்த்துக் கொடுத்தது நான்தான். முந்தின நாள்தான். கிக்கரை உதைத்து உதைத்துக் கணுக்காலில் தழும்பு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த நேரத்தில் எனக்கு எப்படி இருந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

கரைக்கு அந்தப் பக்கம் அவருடைய மாடுகள். இந்தப் பக்கம் கே.கே. நகரில் அவர் பால் ஊற்றுகிற வீடுகள். எல்லாம் ஆபீஸ் போகிறவர்கள். ஆறரைக்குள் பால் வராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே இரண்டு வீடு கைவிட்டுப் போயிருந்தது. அதற்காகத்தான் சைக்கிளை விற்றுவிட்டு இந்தப் பழைய மோட்டார் சைக்கிளையே வாங்கினார். கேன்களைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு போய் மேலே வைத்தோம். பிறகு இறங்கி வந்து வண்டியைத் தள்ளினோம். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "தம்பி, முன்னாடி முக்கி முனகியாச்சும் ஏறிரும்டா. நீ வேலை பாத்த பெறகு எனக்குச் சைக்கிள் ஞாபகமாவே இருக்கு."

பறந்த வண்டி

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பத்தாவதில் கணக்கில் தோற்று மெக்கானிக் பட்டறைக்கு வந்து இரண்டு வருஷம். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. காலேஜ் பையன் ஒருத்தன் தன் வண்டிக்கு வேகம் வேண்டும் என்றான். சிலிண்டர் சுவரில் புகை வெளியே போக ஒரு சன்னல் இருக்கும். அதன் மேல் விளிம்பை அரத்தால் கொஞ்சம் ராவி உயர்த்தினேன். அழகர்கோவில் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "மாப்ள, பஸ்ஸெல்லாம் நின்னுக்கிட்டு இருக்கிற மாதிரி தெரியுதுடா!" என்று என்னைக் கட்டிப்பிடித்தான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

மறுவாரம் பாண்டி அண்ணன் வண்டியோடு வந்தார். முதலாளி அப்போது சோழவந்தானுக்குப் போயிருந்தார். யாரையும் கேட்கவில்லை. அதே அரம், அதே சன்னல். சன்னலை உயர்த்தினால் வேகத்தில் பறக்கும், மெதுவாகப் போகும்போது இழுவை செத்துவிடும் என்பதில் முதல் பாதி மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. ஸ்டாண்டில் நிறுத்தி முறுக்கிக் காட்டினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. பாண்டி அண்ணன் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்: "ஆத்தாடி, இனிமே கரையே ஒதுங்கி வழிவிடும் போல இருக்கே!"

காலுக்கு இடம்

கரையில் பால் சிந்திய அதே நாள், ஒரு குமாஸ்தா மனைவியோடு ஸ்கூட்டரில் வந்தார். இழுவையே இல்லையாம். பிளக்கைக் கழற்றினேன், கார்புரேட்டரைக் கழற்றினேன், சைலன்சரை நெருப்பில் வாட்டிக் கரியைத் தட்டினேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. எனக்கு எரிச்சல். "வண்டியில ஒண்ணுமே இல்ல சார்" என்று கத்தாத குறையாகச் சொன்னேன். அதுவரை பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த அம்மா சொன்னார்: "தம்பி, அவரு எப்பவும் பிரேக் மேலதான் காலை வச்சிருப்பாரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து என் விஷயத்துலயும் அப்பிடித்தான்."

கீழேயும் ஒரு கடி

அவர்கள் போன பிறகு சிரிப்பு வரவில்லை. நானும் வண்டியைத்தான் பார்த்திருக்கிறேன், ஓட்டுகிற ஆளைப் பார்க்கவில்லை. காலேஜ் பையன் ஆளில்லாத ரோட்டில் முறுக்குகிறவன். பாண்டி அண்ணன் கேனை வைத்துக்கொண்டு முதல் கியரில், நடக்கிற வேகத்தில் மண் கரை ஏறுகிறவர். அவருக்கு நான் செய்து கொடுத்தது பந்தயக் குதிரை. அவர் கேட்டது வண்டி மாடு.

ராவின இரும்பு திரும்ப முளைக்காது. வண்டி பட்டறையில் கிடந்த இரண்டு நாளும் காலையில் போய் அவரோடு கேன் தூக்கினேன், மீதி நேரம் தரையில் சாக்பீஸால் படம் போட்டேன். சன்னலை மூட முடியாது, சரி. சிலிண்டரின் அடிப்பாகத்தை அதே கனத்துக்குச் சீவிவிட்டால் மொத்தச் சிலிண்டரும் கீழே இறங்கி உட்காரும். சன்னலும் இறங்கித்தானே ஆக வேண்டும்? பிஸ்டன் மேலே முட்டாமல் இருக்க, சிலிண்டரின் தலை மூடிக்கு அடியில் ஒரு வளையம் கூடப் போட வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் போட்ட முதல் கணக்கு அதுதான். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு லேத்துப் பட்டறை காதர் பாயிடம் போனேன். அவர் சன்னலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "மேல தின்னது பத்தாதுன்னு கீழயும் கடிக்க வந்துட்டியாப்பா?"

முதலாளியின் இருமல்

சீவிய சிலிண்டரை மாட்டி, இழுவைக்காகப் பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் பெரிய பல்சக்கரமும் போட்டேன். ஊரிலிருந்து திரும்பிய முதலாளிக்கு அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. அடிக்கவில்லை. "பழைய வண்டி, பிஸ்டன் தேஞ்சு போச்சு, அதான் நின்னுருச்சுன்னு சொல்லிரு. பட்டறை பேரு முக்கியம்டா" என்றார். நான் ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில் போட்டேன். "காலையில நானும் வாரேன்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் கரையடியில் நின்றோம். இரண்டு கேனும் நிறைய. பாண்டி அண்ணன் முதல் கியரைப் போட்டார். நான் தள்ளுவதற்குத் தயாராகப் பின்னால் குனிந்தேன். வண்டி என் கைக்கு எட்டவில்லை. 'டுடு டுடு' என்று அவசரமே இல்லாமல், அவர் காலைக்கூட ஊன்றாமல், மேலே போய் நின்றது. நாங்கள் ஏறிப் போனதும் பாண்டி அண்ணன் கேட்டார்: "என்னதான்டா கோளாறு இருந்துச்சு?"

முதலாளி என் முதுகுக்குப் பின்னால் இருமினார். "பிஸ்டன் நல்லாத்தான் இருக்குண்ணே. நான்தான் தெரியாம அரம் வச்சுக் கெடுத்துட்டேன்" என்றேன். பாண்டி அண்ணன் கேன் மூடிகளை அழுத்திப் பார்த்தார். பிறகு கியரைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "இத அன்னைக்கே சொல்லியிருந்தா, ரெண்டு கேனையும் உன்னையே தூக்க விட்டிருப்பேனே, கூட்டாளின்னு நெனைச்சுல்ல ஒண்ண நான் தூக்கினேன்!"

பழியைப் பிஸ்டன் மேல் போடச் சொன்னார் முதலாளி. அந்தப் பட்டறையில் அந்த வாரம் தன் வேலையை ஒழுங்காகப் பார்த்தது அது ஒன்றுதான் என்பதால், நான் போடவில்லை.