மேனேஜர் இல்லாத கொட்டகை

பண்ணைப்புரத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த கூரை வேய்ந்த சினிமாக் கொட்டகையில் பதினோரு வருடம் மேனேஜராக இருந்தேன். முதலாளிக்குத் தேனியில் மண்டி. கொட்டகைப் பக்கம் அவர் வருவதே அபூர்வம். எந்தப் படத்தை வாடகைக்கு எடுப்பது, பெண்கள் பகுதியில் சண்டை மூண்டால் யாரைக் கூப்பிடுவது, வருடாவருடம் பெரியகுளம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைந்து லைசென்ஸ் புதுப்பிப்பது எல்லாம் என் தலையில்தான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் பெரிய டிவியும் வீடியோ டெக்கும் வேனில் வந்து இறங்கின. சனங்கள் எல்லோரும் பார்க்க, வாசலிலேயே வைத்து முதலாளி சொன்னார்.

“இனிமே ஒனக்கு இங்கன என்னப்பா வேல? பட்டன அமுக்குனா படம் ஓடுது. அதுக்கு ஆபரேட்டர் ஒருத்தன் போதும்.”

“வீடியோவுக்குத் தனி லைசென்ஸ் வாங்கணும் மொதலாளி,” என்றேன்.

“அதெல்லாம் மெஷினு பாத்துக்கிரும்,” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டிக்கெட் கேட்டு என்னிடம் கெஞ்சியவர்களும் அதில் இருந்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு பெரியகுளம் பஸ் ஏறி, லைசென்ஸ் இல்லாமல் நாளுக்கு மூன்று காட்சி ஓடுகிறது என்று மனு எழுதினேன். மொட்டைக் கடிதம் இல்லை. என் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சியின் நடுவில் ஜீப் வந்து நின்றது. நான் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அன்று முதலாளியும் கொட்டகையில்தான் இருந்தார். அதிகாரி காகிதம் கேட்டதும் வேர்த்துப்போய் வெளியே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

“ஏப்பா, செத்த வந்து அவுககிட்டப் பேசேன். ஒனக்குப் பழக்கமான ஆபீசுதான.”

நிதானமாக டீயைக் குடித்து முடித்துவிட்டுப் போனேன். “நீங்கதான் மேனேஜரா?” என்று அதிகாரி கேட்டார்.

“இல்லைங்கய்யா. இந்தக் கொட்டகைக்கு மேனேஜரே தேவையில்லன்னு மொதலாளி சொல்லிட்டாக. எதுன்னாலும் அந்த மெஷினக் கேளுங்க.”

முதலாளியின் முகம் சுருங்கியதைக் கண்ணெடுக்காமல் பார்த்தேன். டெக்கையும் டிவியையும் ஜீப்பில் ஏற்றினார்கள். பாதிப் படத்தில் எழுந்து வந்த பெண்கள் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். பதினோரு வருடத்தில் என்னிடம் அப்படி யாரும் பேசியதில்லை.

அதன்பிறகு கொட்டகை திறக்கவில்லை. ஆபரேட்டருக்கும் வேலை போனது. அவன் என் சிநேகிதன். பழனிசெட்டிபட்டியில் ஒரு கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவனைப் போய்ப் பார்த்தேன்.

“அவரப் பழி வாங்கிட்ட, சரி. நான் என்னண்ணே பண்ணேன்?” என்றான்.

தேனியில் ஒரு தியேட்டரில் எனக்கு டிக்கெட் கிழிக்கும் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் முதலாளியைப் பார்த்தேன். வேண்டுமென்றே அவர் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தேன். அவர் பாயசத்துக்கு முன்பே எழுந்துவிட்டார். நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.