பச்சை நூலில் தைத்த நட்சத்திரம்

அன்று காலை எஸ்தர் அக்காவின் தையல் மெஷின்மேல் போர்த்திய துணி அப்படியே இருந்தது. அதைத்தான் முதலில் கவனித்தேன். சற்று நேரத்தில் மேஸ்திரி வந்து, "ஜுரத்துல போய்டுச்சும்மா எஸ்தரு" என்றார். ராயபுரத்தில் கப்பல்களுக்குக் கொடி தைக்கும் எங்கள் பட்டறையில் அன்று யாரும் மெஷினை மிதிக்கவில்லை.

ஆறாவதோடு பள்ளியை விட்டு நான் அங்கே சேர்ந்தபோது யாரோடும் பேசமாட்டேன். அக்கா பக்கத்து மெஷின். அவளிடம் சின்னப் பித்தளைத் தூரக்கண்ணாடி ஒன்று இருந்தது. துறைமுகப் படகில் வேலை பார்த்த அவள் அப்பாவுடையது. வேலை முடிந்து இருட்டியதும் மாடிச் சுவரில் மணல் பை வைத்து, அதன்மேல் கண்ணாடியைச் சாய்ப்போம். வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் நட்சத்திரம் உள்ளே இரண்டாகப் பிரியும், ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில்.

பார்த்ததைக் குறித்துவைக்க ஒரு நோட்டு இருந்தது; அதில் நிறத்தின் பெயரை அக்கா எழுதமாட்டாள். "பேரு ஆளுக்கு ஆள் மாறும்டி. நூல தெச்சு வையி" என்பாள். கொடி நூல் துண்டுகளில் நிறம் ஒத்ததை எடுத்து நோட்டில் தைப்போம்.

ஐப்பசியில் வடமேற்கே ஒரு ஜோடியைப் பிடித்தோம். பெரியது மஞ்சள். சின்னது, ஊசி வேலையில் மங்கிய அக்கா கண்ணுக்கு வெறும் புள்ளி. என்னைப் பார்க்கச் சொன்னாள்.

"இன்னாடி, வாய்ல கொழுக்கட்டையா? எந்த நூலு?"

அரிக்கேன் வெளிச்சத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவளே தைத்தாள்.

மறுநாள் பகலில் பார்த்தால் அது பச்சை. நான் கண்டது நீலம். நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும் விளக்கு வெளிச்சத்தில் நிறம் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். மாடியில் இருவருக்குமே அது தோன்றவில்லை. நான் வாயெடுப்பதற்குள் அக்கா நோட்டை எல்லோருக்கும் காட்டிவிட்டாள்.

"பச்ச நச்சத்ரமா? உன் கண்ணாடில பாசி புட்ச்சிகீது எஸ்தரு!" என்றார் மேஸ்திரி. பட்டறையே சிரித்தது.

"இவ கண்ணு தப்பாது மாமா. ஒரு நாளாவது நூல மாத்தி தெச்சிகிறாளா?" என்றாள் அக்கா, என்னைக் காட்டி.

நான் தலைகுனிந்து தைத்துக்கொண்டிருந்தேன். அதன்பின் 'பச்ச நச்சத்ரம்' என்பதே அவளுக்குப் பட்டப்பெயர். "கீதுய்யா, நீ வந்து பாரு" என்று அவளும் சிரிப்பாள். நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று ஒரு வருஷம் போயிற்று.

பட்டறையில் அந்தப் பெயர் சொல்லி அவளைக் கூப்பிட்டுச் சிரித்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். அக்கா பொய் சொல்லவில்லை. என்னை நம்பினாள், அவ்வளவுதான்.

அந்த நோட்டை அவள் அம்மா என்னிடம் கொடுத்துவிட்டார். அவளுடையதாக என்னிடம் இருப்பது அதுதான். நேற்று மத்தியானம் ஜன்னலோரம் உட்கார்ந்து பச்சையைப் பிரித்தேன். நீல நூலை வெயிலில் பிடித்துப் பார்த்து, ஊசியில் கோத்தேன்.